ஒற்றை விளக்கு

சார்ஜரில் ஒரு சின்ன விளக்கு. ஏறும்போது சிவப்பு, நிறைந்ததும் பச்சையாம். எனக்கு இரண்டுமே ஒரே மங்கல் மஞ்சள்தான். நிறத்தை மட்டும் மாற்றிச் சேதி சொல்லும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. நிறைந்ததும் அணைந்துவிட்டால் போதுமே!

அணுக் கொள்கையைத் தந்த விஞ்ஞானி ஜான் டால்டனுக்கும் இதே நிறக்குருடு இருந்தது. 1794-இல் அதைப் பற்றி உரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பினார். 1844-இல் அவர் இறந்தபின் கண்ணைத் திறந்து பார்த்தால், திரவம் தெளிவாகவே இருந்தது.

காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் இருந்தது. எனக்கு அம்மா வழியாக வந்தது. அம்மாவுக்கு நிறமெல்லாம் நன்றாகத் தெரியும், தாத்தாவுக்குத்தான் தெரியாது. இப்போது என் மகளும் அந்த மரபணுவைச் சுமக்கிறாள். தன் ஸ்கெட்ச் பேனா ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் கேட்கவே இல்லை.