கோஸ்டியா கவுண்டியில் தற்சார்பு வாழ்க்கை: நிலம் வாங்குமுன் பார்த்த சோதனைகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தென்கோடியில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் கோஸ்டியா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 2020 கணக்கெடுப்பின்படி 3,499 பேர் வாழ்கிறார்கள். பரப்போ ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீட்டர். பழைய மேய்ச்சல் நிலங்களை 1970-களில் ஐந்து ஏக்கர் மனைகளாகப் பிரித்து நாடு முழுவதும் விளம்பரம் செய்து விற்றார்கள். பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் விற்ற சாங்ரே டி கிறிஸ்டோ ராஞ்சஸ் அவற்றுள் பெயர் பெற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் குடியேறவே இல்லை என்பதால் அந்த மனைகள் இன்றும் மலிவாகக் கைமாறுகின்றன. டென்வர் பக்கம் வசிக்கும் நானும் என் மனைவியும் அப்படியொரு மனையில் உணவு, நீர், மின்சாரம் ஆகியவற்றில் எவ்வளவு தூரம் சொந்தக் காலில் நிற்க முடியும் என்பதை ஓய்வு நேர ஆராய்ச்சியாகப் பார்த்து வருகிறோம். இது அதன் இதுவரையான பதிவு.

மின்சாரத்தில் எங்களுக்குக் கவலையில்லை. மேகமற்ற வானமும் கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரமும் சூரியத் தகடுகளுக்கு மிகவும் ஏற்றவை. குளிர்ந்த காற்றில் தகடு இன்னும் திறமையாக வேலை செய்யும். பேட்டரிதான் பாதுகாப்பு கேட்கிறது. அருகிலுள்ள அலமோசாவில் ஜனவரி இரவுகள் சராசரியாக மைனஸ் 18 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் கெட்டுவிடும். ஆகவே அதை வீட்டுக்குள்ளேயோ நிலத்தடி அறையிலோதான் வைக்க வேண்டும்.

சமையலையும் அங்கேயே செய்து பார்த்தோம். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு அடுப்பில் கிடந்துகொண்டே இருந்தது, மசியவில்லை. குக்கர் இல்லாமல் அங்கே குடித்தனம் நடத்த நினைப்பவர் எரிவாயுச் செலவைத் தனியாக எழுதி வைக்கட்டும்.

நீர்க்கணக்குக்கு வந்தபோதுதான் எங்கள் ஆராய்ச்சி திசை மாறியது. இந்தக் கவுண்டி அமைந்துள்ள சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் தரைப்பகுதியில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து ஏழு அங்குலம், அதாவது சுமார் 180 மில்லிமீட்டர். நூறு சதுர மீட்டர் கூரையில் அது 18,000 லிட்டர்; வழிந்தும் உலர்ந்தும் போவதைக் கழித்தால் 14,000 லிட்டர் கைக்கு வரலாம். இருவர் ஆளுக்கு நாற்பது லிட்டர் என்று சிக்கனமாகப் புழங்கினாலும் ஆண்டுக்கு 29,000 லிட்டருக்கு மேல் வேண்டும். அதாவது வீட்டுத் தேவையில் பாதிக்குக் கூரை போதாது. காய்கறிப் பாத்தியை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. அந்த வெயிலிலும் காற்றிலும் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நீர் தேவை என்று வைத்துக்கொண்டால், நூறு சதுர மீட்டர் பாத்தி தொண்ணூறு நாளில் 45,000 லிட்டர் குடிக்கும். தொண்ணூறு நாள் என்பதே தாராளமான கணக்கு; ஜூன் பாதி வரை பனி கருக்கலாம், செப்டம்பர் தொடக்கத்தில் மறுபடியும் வந்துவிடும். தக்காளியை அங்கே மூடுகூடாரமின்றி நம்ப முடியாது.

கிணறு தோண்டினால் தீராதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிலத்தடியில் நீர் இருக்கலாம். ஆனால் கொலராடோவில் நிலம் வாங்குவதால் மட்டும் நீரின்மேல் உரிமை வந்துவிடாது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை என்ற விதி அங்கே நடைமுறையில் உள்ளது, இந்தக் கவுண்டி அடங்கிய ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையிலோ நீர் முழுவதும் ஏற்கெனவே உரிமையாளர்களுக்குப் பங்கிடப்பட்டுவிட்டது. எனவே முப்பத்தைந்து ஏக்கருக்குக் குறைந்த மனைக்குப் பொதுவாகக் கிடைப்பது ஒரு வீட்டின் உட்புறப் பயன்பாட்டுக்கான கிணற்று அனுமதி மட்டுமே. அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாது, கால்நடைக்கும் காட்டக் கூடாது. முப்பத்தைந்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில்தான் ஒரு ஏக்கர் வரை தோட்டத்துக்கும் கால்நடைக்கும் இடமுண்டு. மழைநீருக்கும் சட்டம் உண்டு: 2016 முதல் வீட்டுக் கூரையிலிருந்து இரண்டு பீப்பாய்களில், மொத்தம் 110 கேலன் (சுமார் 416 லிட்டர்) வரை சேமிக்கலாம். கிணற்று அனுமதிக்குத் தகுதியுள்ள கிராமப்புற வீடுகளுக்கு 2009 சட்டம் இதைவிடக் கூடுதலாக இடம் தந்தாலும், அந்த நீரையும் கிணற்று அனுமதியில் சொல்லப்பட்ட வேலைக்கே பயன்படுத்த வேண்டும். ஐந்து ஏக்கர் மனை ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது. வாடகை வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து வாழ்வோர் இருக்கிறார்கள். ஆனால் டீசலுக்கும் சாலைக்கும் கட்டுப்பட்ட அந்த ஏற்பாட்டை நான் தற்சார்பு என்று எழுதிக்கொள்ள மாட்டேன்.

மண்ணும் இதற்கு ஒத்துத்தான் இருந்தது. சமவெளி மனைகளில் எடுத்த மண்ணைக் கண்ணாடிக் குடுவையில் நீரூற்றிக் குலுக்கி வைத்ததில் பெரும்பகுதி மணலாக அடியில் படிந்தது. சில இடங்களில் மேற்பரப்பிலேயே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, வினிகரை விட்டதும் நுரைத்தது.

ஆனால் அதே கவுண்டியில் இதற்கு நேர்மாறான நிலமும் உண்டு. 1851-இல் குடியேற்றமான சான் லூயிஸ், கொலராடோவின் மிகப் பழைய ஊர். மறு ஆண்டே குலேப்ரா ஓடையிலிருந்து வெட்டப்பட்ட, ‘மக்கள் வாய்க்கால்’ என்ற பெயருள்ள கால்வாய்க்கு, தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும் நீருரிமைகளில் மாநிலத்திலேயே மிகப் பழைய உரிமை உள்ளது. அசேக்கியா எனப்படும் இத்தகைய பொதுவாய்க்கால்களை வசந்தத்தில் பங்குதாரர்கள் கூடித் தூர்வாருகிறார்கள்; மயோர்தோமோ என்பவர் முறைவைத்து நீரைப் பிரித்து விடுகிறார். குடிமராமத்தும், வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டியும் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடையிலிருந்து மேட்டுநிலம் வரை நீளும் குறுகிய நிலப்பட்டைகளில் போலீட்டா அவரை, வெள்ளை மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, தீவனப்புல் எல்லாம் விளைகின்றன. மேய்ச்சலுக்கு வேகா என்ற பொதுப் புல்வெளி உண்டு. மலைக்காட்டில் விறகு வெட்டவும் ஆடுமாடு மேய்க்கவும் மெக்சிகோ ஆட்சிக்கால நிலக்கொடையின் வழிவந்த உரிமையைக் கொலராடோ உச்ச நீதிமன்றம் 2002-இல் உறுதிசெய்தது. அது சமவெளி மனை வாங்கும் எங்களைப் போன்றோருக்குப் பொருந்தாது. நான் பார்த்தவரை, இந்த வறண்ட கவுண்டியில் 170 ஆண்டுகளாக உண்மையில் தாக்குப்பிடித்தது தனித்தனிக் குடும்பங்களின் தற்சார்பைவிட, ஒரு வாய்க்காலைப் பொதுவில் காத்துவரும் ஊரின் தற்சார்புதான்.

ஆகவே சமவெளி மனைகளை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அங்கே கழிவுநீர்த் தொட்டிக்கு அனுமதி பெறாமல் வாகன வீட்டில் நிரந்தரமாகத் தங்குவதைக் கவுண்டி நிர்வாகம் கடுமையாக எதிர்க்கிறது என்பதும் இதற்கு இன்னொரு காரணம். வாய்க்கால் பங்குள்ள நிலத்துக்குப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும். அத்துடன் நிலத்தையும் நீருரிமையையும் பிரித்தே விற்க முடியும் என்பதால், பத்திரத்தில் இரண்டும் சேர்ந்து எழுதப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. வரும் பருவத்துக்கு அப்படியொரு நிலப்பட்டையில் ஒரு மூலையைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறோம்; உருளைக்கிழங்கும் போலீட்டாவும் போட்டு, தூர்வாரும் வேலைக்கும் போய்ப் பார்த்த பிறகே வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்.