தென்னாப்பிரிக்கா ஜெயில் படமும் கோத்தகிரி ஆடியன்ஸும்

நம்ம ஆளுங்களுக்கு ஜெயில் படம்னா ஒரு கணக்கு இருக்கு. ஹீரோ உள்ள போவான், உள்ள ஒரு தாதா இருப்பான், குளிக்கிற எடத்துல ஒரு ஃபைட்டு, ரிலீஸ் ஆகி கேட்டுக்கு வெளிய நின்னு வானத்தைப் பாப்பான், அப்புறம் பழிவாங்கல். 'கைதி' படம் வந்ததுக்கப்புறம் பக்கெட் பிரியாணியும் சேந்துக்கிச்சு. இந்தக் கணக்கோட வந்து ஒக்காந்தவங்ககிட்ட 'நூம் மெய் ஸ்கோலி'ங்கற தென்னாப்பிரிக்கா படத்தை போட்டுக் காட்டினா என்ன ஆகும்னு பாக்க எனக்கு ஆசையா இருந்துச்சு, அவ்ளோதான்.

படம் 2016ல வந்தது, டேரின் ஜோஷுவா டைரக்‌ஷன், ஆப்பிரிக்கான்ஸ் மொழி, அந்த நாட்டு சார்பா ஆஸ்கருக்கு அனுப்பினாங்க. எழுதினவரு ஜான் ஃப்ரெட்ரிக்ஸ், சின்ன வயசுல ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவரு, கதையில பாதிக்கு மேல அவரு வாழ்ந்ததுதான். 1960கள்ல கேப் டவுனை ஒட்டி இருக்கற கேப் ஃபிளாட்ஸ்ல நடக்குது. ஏபின்னு ஒரு பையன், சின்னதுலயே ஒரு ரவுடி கையில சிக்கி சீரழிஞ்சு, இனி ஒருத்தனும் நம்மள தொடக்கூடாதுன்னு கூட்டாளிங்களோட ஒரு கேங் ஆரம்பிச்சு, திருட்டுக் கேஸ்ல ரெண்டு வருஷம் உள்ள போறான்.

போட்ட எடம் கோத்தகிரில டானிங்டன் பக்கத்துல நண்பனோட ஃபிளெக்ஸ் கடை மாடி. வெளிய மிஸ்ட்டு, உள்ள அடி வாங்கின ஒரு புரொஜக்டர், திரைக்கு ஃபிளெக்ஸ் ஷீட்டோட பின்பக்கம். சப்டைட்டில் இங்கிலீஷ்ல ஓடுது, பாதிப் பேருக்கு அது ஓடற வேகத்துக்குப் படிக்க வராது, அதனால காலேஜ் படிக்கிற எங்க அக்கா பொண்ண முன்னாடி ஒக்கார வச்சு தமிழ்ல சொல்லச் சொன்னோம். நல்லாத்தான் சொன்னா, கொஞ்சம் அவ கைச்சரக்கும் சேத்து. அந்தப் பையனை ரவுடி இழுத்துட்டுப் போற சீன் வந்ததும் பேச்சு நின்னுபோச்சு. பின்னாடி எவனோ "என்னாச்சு பாப்பா, சொல்லு"ன்னு கேக்க, திரும்பாமயே "அவனைக் கெடுத்துட்டாங்க"ன்னா. ஒருத்தன் சிரிச்சான். ஆம்பளப் பையனுக்கு நடந்தா நம்மூர்ல அது காமெடிதான, வடிவேலு காலத்துல இருந்து அப்படித்தான் பழக்கி வச்சிருக்கோம். ஓரத்துல ஸ்வெட்டர் போட்டு ஒக்காந்திருந்த பாட்டி "எவன்டா அவன் பல்ல காட்டறது, எந்திரிச்சுப் போ வெளிய"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, அப்புறம் இன்டர்வல் வரைக்கும் மூச்சு இல்ல.

உள்ள நடக்கறது நல்லா எடுபட்டுச்சு. தென்னாப்பிரிக்கா ஜெயில்ல 26, 27, 28னு நம்பர் வச்ச கேங்குங்க நெசமாவே இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல பழசு, தனிச் சட்டம், தனிப் பதவி, தனிப் பாஷை. கூட வந்த கூட்டாளி அதுல போய்ச் சேந்துடறான். ஏபி சேரல, ராத்திரில செல்லுல கதை சொல்றான், கதை சொல்றவன்மேல எவனும் கை வைக்கல. இத நம்ப முடியலைன்னு டிரைவர் தம்பி சொன்னான். அதுக்கு டீ பேக்டரில வேலை செய்யற ஒரு அண்ணன், பச்ச இலைய வாட வைக்கற விதரிங்ல நைட் ஷிஃப்ட்ல இலை ஒதறிப்போடறப்ப ஒரு ஆளு சினிமாக் கதைய பாட்டோட சொல்லுவானாம், அவன் பங்கு இலையையும் மத்தவங்களே பாத்துக்குவாங்களாம், டீயும் அவனுக்குத்தான் மொதல்லயாம். அதோட டிரைவர் வாய மூடிட்டான்.

இன்டர்வல்ல கேப் ஃபிளாட்ஸ் பத்தி கேட்டாங்க. படத்துல இது வராது, ஆனா 1966ல டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்ங்கற ஏரியாவை வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு அறிவிச்சு, அங்க இருந்து அறுபதாயிரம் பேருக்கு மேல கெளப்பினதுல நெறய பேரை இந்த மணல்காட்டுலதான் கொண்டுவந்து விட்டாங்கன்னு சொன்னேன். பாட்டி சிலோன்ல இருந்து வந்தவங்க, அங்க இருந்த தோட்டத் தமிழாளுங்கள இந்தியாவுக்கு அனுப்பின சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்ல கெடந்து, அப்புறம் கவர்மென்ட்டோட டேன்டீ தோட்டத்துக்கு வந்து சேந்தது. "எங்களயுந்தான் கொண்டாந்து விட்டானுங்க, ஒருத்தனும் படம் எடுக்கல"ன்னு சொல்லிட்டு முறுக்க எடுத்துக்கிச்சு.

செகண்ட் ஹாஃப்லதான் கூட்டம் நெளிய ஆரம்பிச்சுது. வெளிய வந்து ஒரு பொண்ண லவ் பண்றான், ஒழுங்கா இருக்கப் பாக்கறான், ஃபைட்டு கெடையாது. "ரொம்ப லேக் அடிக்குது மாமா"ன்னு எங்க அக்கா பொண்ணே சொன்னா. எனக்கு அதுதான் படம். அப்புறம் ஒரு கொலை விழுது, பழைய கூட்டாளிங்களோட சேத்து இவனையும் போலீஸ் புடிச்சுட்டுப் போகுது, அந்தக் காலத்துல அங்க தூக்கு உண்டு, 1995லதான் ரத்து பண்ணாங்க. "செய்யலைன்னா ஓட வேண்டியதுதான, ஏன் நிக்கறான்"னு டிரைவர் மறுபடி கேட்டான்.

பதில் சொன்னது பெயிண்ட் வேலை செய்யற ஒரு அண்ணன். வாலிப வயசுல ஒரு அடிதடிக் கேஸ்ல கோயமுத்தூர் சென்ட்ரல் ஜெயில்ல இருந்துட்டு வந்தவரு, ஊருக்கே தெரியும், ஆனா அவரு வாயில இருந்து நான் கேட்டதில்ல. "ஓடுனா நீதான்டாம்பான், ஓடலைன்னாலும் நீதான்டாம்பான், தம்பி." சீசன்ல எதாவது காட்டேஜ்ல காப்பர் ஒயரு காணாமப்போனா மொத ஃபோன் இவருக்குத்தான் வருமாம். ஒரு தடவை ஒன் டென் போட்டு வருவாய் கோட்டாட்சியர் ஆர்டிஓ முன்னாடி நிறுத்திட்டாங்களாம். தெரியாதவங்களுக்காக, அது நன்னடத்தைக்கு எழுதிக்குடுக்கற பாண்டு, பழைய சிஆர்பிசிங்கற குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 110, 2024 ஜூலைல இருந்து புதுச் சட்டத்துல 129, மூணு வருஷம் வரைக்கும் எழுதி வாங்கலாம். அதுக்குன்னு புதுசா ஒரு குத்தம் நிரூபிக்கணும்னு இல்ல, பழைய ஆளுங்கற பேரு போதும். அண்ணன் அன்னிக்கு வேலைக்குப் போன எடத்துல மேஸ்திரி வேற ஆளப் போட்டுட்டாராம், அதத்தான் ரெண்டு மூணு தடவை சொன்னாரு, பாண்டை விட அதுதான் அவருக்கு வலிச்சிருக்கு.

அங்க இருந்து பேச்சு படத்தை விட்டுட்டு எங்கயோ போயிருச்சு. ஃபிளெக்ஸ் கடைக்காரன் மறைக்காம சொன்னான், "பாக்கப் பாவமாத்தான் இருக்கு, அதுக்காக கடைச் சாவிய குடுக்க முடியுமாண்ணே?" உடனே டிரைவர், கோயமுத்தூர் போனா ஜெயில் பங்க்லதான் டீசல் போடுவேன், அங்க அளவு சுத்தமா இருக்கும்னான். அது கைதிங்களே நடத்தற பங்க். "அங்க போடறப்ப பில்லைக் கூட பாக்கறதில்லீல்ல? அதே ஆளு ரிலீஸ் ஆகி கோத்தகிரில பங்க் வேலைக்கு வந்தா எடுப்பாங்களா?"ன்னு அண்ணன் கேட்டாரு. டிரைவர், அங்க போலீஸ் பாத்துக்கும்னான். கடைக்காரன் அதான் நானும் சொல்றேன்னான். பாட்டி ரெண்டு பேரையும் திட்டுச்சு. சாவி வேண்டாம், போர்டு கட்டற வேலை இருந்தா சொல்லு, ஏணி ஏறுவேன்னு அண்ணன் சொல்ல, கடைக்காரன் பாக்கலாம்ணேன்னான். "பாக்கலாம்"னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது 'நைரோபி ஹாஃப் லைஃப்', 2012ல வந்த கென்யா படம், நடிகனாகணும்னு நைரோபிக்கு பஸ் ஏறி வந்து கேங்ல மாட்டிக்கிற ஒரு கிராமத்துப் பையன் கதை. அதுலயாவது ஃபைட்டு இருக்கான்னு இப்பவே கேக்கறாங்க. சப்டைட்டில் சொல்றதுக்கு அக்கா பொண்ணு ஒரு பரோட்டா பார்சல் கேட்டிருக்கா, அதுவும் சிரிச்சவன் காசுலயாம்.