எங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார்? ஒன்றரை மாதம் தேடியதில் கிடைத்தது

போன மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் ஒரு முடிவெடுத்தேன். சின்னம், மேடைப் பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, எங்கள் தொகுதி எம்.பி. ஐந்து வருடத்தில் எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று பார்த்து ஓட்டுப் போட வேண்டும். அளவுகோலாக லிபர்டேரியன் கொள்கையை வைத்துக்கொண்டேன். அடுத்தவரைத் துன்புறுத்தாதவரை ஒருவர் என்ன பேசுகிறார், எதை யாருக்கு விற்கிறார், யாரோடு வாழ்கிறார் என்பதில் அரசுக்கு வேலையில்லை என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. ஒரு நோட்டில் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

முதலில் எடுத்தது வேளாண் சட்டங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வெளியே விற்கும் உரிமை என்பது என் அளவுகோலுக்கு நேரடியான சோதனை. 2020 செப்டம்பர் 17 மக்களவை நடவடிக்கைக் குறிப்பை இறக்கி, இரவு ஒரு மணி வரை படித்தேன். கடைசியில் பெயர்ப் பட்டியலே இல்லை. குரல் வாக்கெடுப்பு. 'ஆம்' என்றவர்கள் குரல், 'இல்லை' என்றவர்கள் குரல், மசோதா நிறைவேறியது, அவ்வளவுதான். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில்தான். கொண்டுவந்தபோதும் யார் பெயரும் இல்லை, எடுத்தபோதும் இல்லை. ஒரு நாடே தெருவில் நின்று சண்டை போட்ட விஷயம் இது. கோபம் வந்தது.

இதே வேலையில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மசோதாவின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். டிவிஷன், அதாவது யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதிவாகும் வாக்கெடுப்பு, நடந்ததா என்று முதலில் பாருங்கள். உறுப்பினர் யாராவது கேட்டு, சபாநாயகரும் ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும். தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்தால், எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணிவிடலாம். அப்போதும் பெயர் பதிவாகாது. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மட்டும் எண்ணிக்கை கட்டாயம். அதை நம்பிப் போனால், 2023 மகளிர் இட ஒதுக்கீட்டுத் திருத்தம் 454-க்கு 2. அதை வைத்துத் தனி ஒருவரை எப்படி எடை போடுவது?

அப்புறம் ஊபா (UAPA) என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் கிடைத்தது. தனி ஒருவரையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்ற சட்டம். 2019 ஜூலை 24, டிவிஷன், 287-க்கு 8. சந்தோஷமாகப் பட்டியலைத் திறந்தேன். எங்கள் எம்.பி. பெயர் இரண்டு பக்கத்திலும் இல்லை. நம் ஊர்ப் பெயர்களை இனிஷியலில் தேடக் கூடாது, பெயரின் எழுத்தில் தேட வேண்டும் என்று புரிந்து மறுபடி பார்த்தேன். சீட்டு எழுதிக் கொடுத்து வாக்கைத் திருத்தியவர்கள் பெயர் அடிக்குறிப்பில் வரும் என்று தெரிந்து அதையும் பார்த்தேன். இல்லை. வருகைப் பதிவில் மட்டும் அன்றைக்குக் கையெழுத்து இருந்தது. அவையில் இருந்தவர் ஏன் வாக்களிக்கவில்லை?

நேரில் கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் லீவு போட்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். வாக்களித்த விவரம் வேண்டும் என்றதும், அங்கிருந்த தம்பி, "வாக்காளர் பட்டியலா சார்? அது தாலுகா ஆபீஸ்ல" என்றார். விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர் உள்ளே போய் ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய நிழற்குடைகள், உயர்கோபுர விளக்குகள், திறப்பு விழாப் படங்கள். அவையில் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "அண்ணன் எப்பவும் மக்கள் பக்கம்தான் சார்" என்று வாசல் வரை வந்து சொன்னார். அரை நாள் போயிற்று.

விடை அந்த ஊபா விவாதத்தின் நடுவில் இருந்தது. ஓட்டெடுப்புக்கு வெகு முன்னால் அவர் எழுந்து, அந்தப் பிரிவை எதிர்த்துத் தெளிவாகப் பேசியிருக்கிறார். பிறகு கட்சியோடு வெளிநடப்பு. பேசியதற்கு என் நோட்டில் முழு மதிப்பெண் போட்டேன். அதனால், பட்டியலில் பெயர் இல்லையென்றால் உடனே கோடு போட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கத்தில் இருந்தார்கள். தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது அந்த நாட்களில்தான்.

வாக்கே இருந்தாலும் அது அவருடைய வாக்கா என்பது இன்னொரு கேள்வி. 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவை மீறினால் பதவியே போகலாம். இதற்கு நேர்மாறாக, ராஜாஜி 1959-ல் தொடங்கிய சுதந்திராக் கட்சியின் 21 கொள்கைகளில் கடைசியானது, மற்ற கொள்கைகளுக்குள் வராத எந்த விஷயத்திலும் உறுப்பினருக்கு முழுச் சுதந்திரம் என்கிறது. தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி வேண்டும் என்ற லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யத்தை எதிர்த்தவர் தன் கட்சிக்குள்ளும் அதே சுதந்திரத்தை எழுதி வைத்தார். இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

கடைசியில் நான் நம்பிப் போனவை வெள்ளிக்கிழமைகள். அன்று மாலைதான் அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் வரும், கொறடா பிடி பெரும்பாலும் இருக்காது. 2015 டிசம்பரில், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-வது பிரிவைத் திருத்த சசி தரூர் மசோதா கொண்டுவந்தபோது, அறிமுகம் செய்யவே விடாமல் 71-க்கு 24 என்று தோற்கடித்தார்கள். அவையில் மிச்சப் பேர் எங்கே? எங்கள் தொகுதியின் அப்போதைய எம்.பி.யும் எந்தப் பக்கமும் இல்லை.

கேள்வி நேரத்தையும் விடாதீர்கள். ஊபாவில் முழு மதிப்பெண் வாங்கிய அதே மனிதர் எழுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் 'இதற்கு ஏன் தடை இல்லை, அதற்கு ஏன் கட்டுப்பாடு இல்லை' என்ற ரகம். பேச்சுரிமைக்குக் காவலர், வியாபாரம் என்றால் அரசின் கை ஓங்க வேண்டும் என்பவர். அவற்றை எழுதித் தர எந்தக் கொறடாவும் வரவில்லை. நோட்டில் நான் உறுதியாக எழுதிய குறை அது ஒன்றுதான்.

வெளிநடப்புக்குப் பதில் எதிர்த்து வாக்களித்திருக்கலாமே என்று அவருக்குப் பதிவுத் தபாலில் கேட்டேன். ஒப்புகை அட்டை மட்டும் வந்தது. புது மக்களவைக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக் குறிப்புகளை அந்தந்த வாரமே எடுத்து வைக்கிறேன்.