எரியாமல் தப்பிய கடிதங்கள்

முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் பணிப் பதிவேடுகள் 1940 செப்டம்பரில் குண்டு விழுந்து, லண்டன் ஆர்ன்சைட் தெருக் கிடங்கோடு எரிந்து போயின. தப்பியவை, ராணுவத்தை நிர்வகித்த அரசுத் துறையான போர் அலுவலகம் தனியாக வைத்திருந்த கடிதக் கோப்புகள். இப்போது லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

எனக்கு என்னவோ இவைதான் மனதை விட்டு நகர மாட்டேன் என்கின்றன. அதிகாரியாகச் சேர வந்த பையன் நல்ல ஒழுக்கம் உள்ளவன் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம். அப்புறம், அவன் செத்த பிறகு வீட்டுக்கு அனுப்பிய சாமான் பட்டியல்: கைக்கடிகாரம், சிகரெட் பெட்டி, கடிதங்கள். அதில் ஒன்று குறைகிறதே என்று கேட்டு அப்பா எழுதிய கடிதம்கூடச் சில கோப்புகளில் உண்டு. அதையும் ஒரு குமாஸ்தா பத்திரமாகக் கோத்து வைத்திருக்கிறார்.