ஓவர்லொக் மெசின் திரும்பி வந்த கதை

கட்டாரில் இருந்து வந்த மூன்றாம் நாளே, போகும்போது ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போன ஓவர்லொக் மெசினை, துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மெசினை, எடுக்கப் போனேன். "அதை நீங்க எனக்குத் தந்திட்டுத்தானே அக்கா போனீங்க, காசுக்குக் கழிச்சது" என்றா. என்ன காசு? ஒரு சதமும் நான் கடன் வாங்கியதில்லை. சும்மா கிடந்து துருப்பிடிக்காமல் ஓடட்டுமே என்று பாவிக்கக் கொடுத்த ஜூகி ஓவர்லொக் அது.

பொலிசுக்குப் போனால், "கொடுத்தது நீங்கதானே, பிறகென்ன களவு?" என்று கேட்டார்கள். பாவிக்கக் கொடுத்ததைத் தன்னுடையதாக்கிக்கொள்வதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், அதற்கு நம்பிக்கை மோசடி என்று பெயர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி நீட்டினார்கள், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிரதியை மச்சான் வாசித்துப் பார்த்தால், "கடனுக்காகக் கொடுத்த மெசின்" என்று கிடக்கிறது! மேலதிக வாக்குமூலம் கொடுக்க இன்னொரு நாள் அலைச்சல். தமிழும் அரசகரும மொழிதான். தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

அங்கிருந்து, இரண்டு பக்கத்தையும் பேசி இணக்கிவைக்கிற மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் கூடும். செலவில்லை, சட்டத்தரணி உங்களுக்காகப் பேசவும் முடியாது. முதல் சனி அவ வரவே இல்லை. இரண்டாம் சனி பில் கேட்டார்கள். பத்திரமாக வைத்திருந்த பில் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. நல்லவேளை, அலுமாரிக்குள் வாரண்டி அட்டை இருந்தது, அதில் மெசின் நம்பரும் இருந்தது. அதோடு கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்கு இரண்டு தடவை போய்த்தான் கடையில் மறுபிரதி எடுத்தேன். முதல் தடவை பழைய பில் புத்தகம் பார்க்கிறவர் லீவாம்.

மூன்றாம் சனி, தலைவராக இருந்த ஓய்வுபெற்ற அதிபர் அவவிடம், "கழிச்ச காசு எவ்வளவு, எந்த மாசம் கொடுத்த, புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார். ஒருக்கா இருபதாயிரம் என்றா, ஒருக்கா முப்பது என்றா. நான் நம்பரை வாசித்தேன். மெசின் தலையில் அம்மா ஒட்டிய மாமாங்கப் பிள்ளையார் ஸ்டிக்கரில் தும்பிக்கைப் பக்கம் கிழிந்திருப்பதையும் சொன்னேன். அவ குனிந்துகொண்டா.

சபைக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, இணக்க வைக்கத்தான் முடியும். அதனால், "சரி ஐயா, இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழைத் தாங்க, நான் கோட்டுக்குப் போறன்" என்றேன். என்னுடையதைப் போன்ற சின்னத் தொகை வழக்கை அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவ இறங்கி வந்தா. மோட்டர் திருத்திய செலவென்று 4,000 ரூபாய் கேட்டா. வயிறெரிந்தாலும் கொடுத்தேன்.

இணக்கக் கடதாசியில் மெசின் நம்பரையும் ஒப்படைக்கும் திகதியையும் எழுதச் சொல்லி எழுதுவித்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை. சொன்ன நாளில் மெசின் ஓட்டோவில் வந்து இறங்கியது, நூல்கட்டை வைக்கிற ஸ்டாண்ட் மட்டும் இல்லை. போன் எடுத்துக் கேட்டேன்.

"கடதாசியில் அது இல்லையே அக்கா" என்றா.