கிணற்று நீரில் ஊறிய பார்லி

சென்ற விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த அண்ணா, நான்கு கிலோ பார்லி மோல்ட்டும் (முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி), திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு நீரமானியும் கொண்டுவந்தார். அங்கே அவர் வீட்டிலேயே பியர் தயாரிப்பவர். இங்கே அனுமதிப்பத்திரமின்றி நொதிக்கவைத்தால் மதுவரித் திணைக்களத்துக்குப் பதில் சொல்லவேண்டிவரும் என்பதால், மோல்ட் சாறு எடுத்துப் பாகாகக் காய்ச்சுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

நொறுக்கிய மோல்ட்டை 66 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் ஊறவைக்கவேண்டும். மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்களில் பீற்றா அமைலேசு 60 முதல் 65 பாகை வரையிலும், அல்பா அமைலேசு 70 பாகையை அண்டியும் நன்றாக வேலை செய்வதால், 66 என்பது இரண்டுக்கும் இடையிலான ஓர் உடன்பாடு. எங்கள் குசினியில் தானியமே 30 பாகையில் இருந்தமையால், இரண்டு கிலோவுக்கு ஆறு லீற்றர் நீரை 71 பாகைக்குச் சூடாக்கி ஊற்றியதே போதுமாயிற்று. பானையைச் சாக்கால் சுற்றி வைத்தோம். (பனை இந்தப் பாடெல்லாம் படுத்துவதில்லை, சுண்ணாம்பு தடவிய முட்டியில் கருப்பணியைச் சீனியாகவே இறக்கித் தந்துவிடுகிறது.)

முதல் தடவை எடுத்த சாறு நாக்கைப் பிடிக்கும் அளவுக்குத் துவர்த்தது. குற்றம் மோல்ட்டில் இல்லை, கிணற்றில்தான் இருந்தது. சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறிவரும் எங்கள் நீரில் அமிலத்தை முறிக்கும் இருகாபனேற்று மிகுதி. அது ஊறும் மோல்ட்டுக் கூழின் பீஎச் பெறுமானம் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5.2க்கும் 5.6க்கும் இடையில் இறங்கவிடாமல் தடுக்க, எஞ்சிய சாற்றையும் எடுக்கச் சக்கையை நீர்விட்டுக் கழுவும்போது உமியிலிருந்த துவர்ப்பான தனின் சாற்றில் இறங்கிவிட்டது. அடுத்த தடவை பாதிக்குப் பாதி மழைநீர் கலந்து, பீஎச் தாளைப் பார்த்துப் பார்த்துத் தேசிக்காய்ச் சாறும் விட்டோம். ஒரு மணிநேரத்தின் பின் வெள்ளைப் பீங்கானில் எடுத்த ஒரு துளியில் அயடீனை விட்டபோது நீலம் காட்டவில்லை; மாப்பொருள் தீர்ந்திருந்தது.

சக்கையைக் கழுவிச் சேர்ந்த பத்து லீற்றர் சாற்றில் நீரமானி 1.040 காட்டியது; தனி நீர் 1.000 என்பதால் இது 40 புள்ளி, பத்து லீற்றருக்கு 400 புள்ளி லீற்றர். ஒரு கிலோ மோல்ட் உச்சமாக ஏறத்தாழ 300 புள்ளி லீற்றர் தரவல்லது என்று வைத்தால், இரண்டு கிலோவுக்குரிய 600இல் எங்களுக்குக் கிடைத்தது 400, அதாவது நூற்றுக்கு 67 வீதம். அண்ணாவின் முகம் வாடிவிட்டது. கனடாவில் அவருக்கு 70க்குக் குறைந்ததே இல்லையாம். ஆனால் அந்த நீரமானி 20 பாகைக்கு அளவீடு செய்யப்பட்டது. சாறோ 30 பாகையில் இருந்தது. சூட்டில் திரவம் விரிந்து அடர்த்தி குறைவதால் மானி சற்று ஆழமாக மூழ்கி, உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். அளவுச் சாடியை ஐஸ் போட்ட நீரில் நிறுத்திக் குளிர்வித்து மறுபடி பார்த்தோம்: 1.042க்குச் சற்று மேலே நின்றது.