பழைய கேம்பர் வேனுக்கு இரண்டாவது டீசல் டேங்க்

பழைய கேம்பர் வேனில், அதாவது படுத்துத் தங்கிப் பயணம் போகும் வேனில், இன்னொரு டேங்க் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வண்டியோடு வந்த டீசல் லைனில் கை வைக்காதீர்கள். புது டேங்க் வெறும் இருப்பாக இருக்கட்டும். அதிலிருந்து ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப் பழைய டேங்குக்கு டீசலை ஏற்றட்டும், இன்ஜின் எப்போதும்போல பழைய டேங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும்.

பலருக்கும் பிடித்த வழி வேறு. டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அதை அழுத்தினால் இன்ஜின் நேராக இரண்டாவது டேங்குக்கு மாறிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டீசல் இன்ஜின் இழுப்பதையெல்லாம் எரித்துவிடாது, மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். சப்ளையை மட்டும் மாற்றிவிட்டு ரிட்டர்னை விட்டுவிட்டால் ஒரு டேங்க் காலியாகிக்கொண்டே வர, இன்னொன்று நிரம்பி வழியும். இரண்டையும் ஒன்றாக மாற்றும் ஆறு போர்ட் வால்வு (ஆறு குழாய் இணைப்பு வாய்கள் உள்ளது) கிடைக்கிறது, சரி. அப்போதும் இன்ஜின் உறிஞ்சும் பக்கத்தில் புதிதாகப் பல இணைப்புகள் சேர்கின்றன. அங்கே கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரமே தெரியாது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்போதுதான் தெரியும். பம்ப் முறையில் அந்தத் தலைவலி இல்லை. பம்ப் செத்தாலும் பழைய டேங்கில் இருக்கும் வரைக்கும் வண்டி ஓடும்.

டேங்க் வாங்கும் முன் எடை. டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.84 கிலோ, அதாவது 60 லிட்டர் என்றால் 50 கிலோ, டேங்கும் பட்டிகளும் தனி. கட்டில், அலமாரி, தண்ணீர், பேட்டரி என்று கேம்பர் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது. பயணத்துக்குக் கிளம்பும் நிலையில், முழுச் சுமையோடு எடை மேடையில் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்து, வண்டியின் எடைத் தகட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச எடையோடு ஒப்பிடுங்கள். அப்புறம் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்காமல் சத்தம் மொத்தையாக வந்தால் முதலில் துருவைச் சரிசெய்ய வேண்டும். டேங்குக்கு நல்ல இடம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி. பின் சக்கரத்துக்கு அப்பால் தொங்கவிடுவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

எல்லோரும் அசட்டையாக விடுவது வென்ட் குழாயை. டீசல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் பம்ப் திணறும், மெல்லிய தகட்டு டேங்க் என்றால் உள்வாங்கியே போகும். வென்ட்டின் வாய் டீசல் ஊற்றும் வாயை விட உயரத்தில், கீழ்நோக்கித் திரும்பி, வேனுக்கு வெளியே இருக்க வேண்டும், வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வும் அதில் வேண்டும். கழுத்து வரை ஊற்றவும் கூடாது: குளிர்ந்த டீசல் 60 லிட்டர் 20 டிகிரி சூடேறினால் சுமார் ஒரு லிட்டர் பெருகும்.

துத்தநாகம் பூசிய தகட்டில் டேங்க் அடிக்க வேண்டாம், டீசலோடு அது ஒத்துப்போகாது. அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நல்லது, உள்ளே டீசல் அலைபாயாமல் தடுக்கும் தடுப்புத் தகடுகள் அவசியம். மாட்டுவதற்கு முன் நிரப்பி, உலர்ந்த அட்டை மேல் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் அட்டையைப் பாருங்கள். புது டேங்க் பழையதை விட உயரத்தில் இருந்தால் பம்ப் நின்ற பிறகும் டீசல் தானே இறங்கிக்கொண்டிருக்கும், அதனால் லைனில் ஒரு சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு, கட்டாயம். பம்ப் சுவிட்ச், கையை எடுத்தால் நின்றுவிடும் வகையாக இருக்கட்டும்; மறந்துபோய் ஓடவிட்டால் பழைய டேங்க் வழியும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில். இன்ஷூரன்ஸ்காரரிடமும் வண்டித் தகுதிச் சோதனை செய்பவர்களிடமும் வேலை தொடங்கும் முன்னே கேட்டுவிடுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் இதையெல்லாம் நீங்களே செய்யாதீர்கள், அதன் ஆவி ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

கடைசியாக, பம்புக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டர் ஒன்று போடுங்கள். நெடுநாள் கிடக்கும் டீசலுக்கு அடியில் தண்ணீர் சேரும், அதில் கிருமி வளர்ந்து வழுவழுப்பான கசடாகி ஃபில்டரை அடைக்கும். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தெரிந்தால் பம்பைப் போடுவதற்கு முன் வடித்துவிடுங்கள்.